அட்டைப் பெட்டியிலிருந்து ஆவணத் தளம் வரை

முன்னுரை

மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட நாள்தொட்டு அவனை விடாது தொடர்ந்துவரும் தொல்லை ஒன்று உண்டு. எழுதியதை எங்கே வைப்பது, வைத்ததை எவ்வாறு மீண்டும் கண்டெடுப்பது என்பதே அது. பத்து நூல்கள் வைத்திருப்பவனுக்கு அவனுடைய நினைவே போதுமானது. நூறு நூல்கள் சேர்ந்துவிட்டால் ஒரு குறிப்பேடு வேண்டியதாகிறது. ஆயிரக்கணக்கான நூல்களும் இதழ்களும் மலர்களும் கடிதங்களும் சேர்ந்த இடத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட முறை ஒன்று இல்லாவிட்டால், இருப்பதும் இல்லாததற்கு ஒப்பாகிவிடும்.

அம்முறையைக் கணினியில் அமைத்துத் தருவதே தரவுத்தளம். தரவுத்தளங்கள் பல வகைப்படும். அவற்றுள் ஒவ்வோர் ஆவணத்தையும் அதனதன் வடிவத்திலேயே ஏற்றுக்கொள்ளும் வகை ஆவணத் தரவுத்தளம் எனப்படும். இன்று ஆசிரியர் ஒருவரோ மாணவர் ஒருவரோ தம் வீட்டுக் கணினியிலேயே அத்தகைய தளத்தைச் சிறிது நேரத்தில் நிறுவிச் சோதித்துப் பார்க்க இயலும். ஆயினும் இந்த எளிமை ஒரே நாளில் வாய்த்ததன்று. அதன் பின்னே நூலகர்களும் பொறியாளர்களும் வளர்த்தெடுத்த நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கே அக்கருவியின் ஆற்றலும் அளவும் தெளிவாக விளங்கும்.

அட்டை கற்பித்த பாடம்

கணினிக்கு முன் நூலகங்களை ஆண்டது அட்டை. ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தடித்த தாள்; அடியில் ஒரு துளை; அத்துளையினூடே செல்லும் ஒரு கம்பி; அவ்வளவே அதன் அமைப்பு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901ஆம் ஆண்டு முதல் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அட்டையின் ஆட்சி நிலைத்திருந்தது. ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டமைப்பு தன் கடைசி அட்டைகளை அச்சிட்டது 2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான்.

அட்டையின் சிறப்பு அதன் நெகிழ்ச்சி. நூலுக்கு ஆசிரியர் ஒருவராயின் ஒரு பெயர். மூவராயின் மூன்று பெயர்கள். மொழிபெயர்ப்பாயின் மூல நூலைப் பற்றி ஒரு வரி. பின்னிணைப்பு இருந்தால் அதற்கும் ஒரு வரி. எதுவும் இல்லையாயின் இடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவே. அதன் குறை வேறு. ஒரே நூலை ஆசிரியர் பெயராலும் தலைப்பாலும் பொருளாலும் தேட வேண்டுமாயின் அந்நூலுக்கே பல அட்டைகள் எழுதப்பட வேண்டும். ஒன்றில் பிழை கண்டால் எல்லாவற்றையும் தேடித் திருத்த வேண்டும்.

நூலகவியலுக்கு இந்தியா அளித்த பேரறிஞர் எசு. ஆர். அரங்கநாதன். சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்று, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டவர் அவர். அவருடைய பெயரே பதிவு செய்வோர்க்கு ஒரு பாடமாக அமைந்துள்ளது. சீர்காழி என்பது ஊர். இராமாமிருதம் என்பது தந்தையின் பெயர். அரங்கநாதன் என்பதே அவருடைய சொந்தப் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று அதில் இல்லை. ஆனால் மேனாட்டு வழக்கப்படி அமைந்த படிவம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டமும் வைத்துக்கொண்டு, அவற்றை நிரப்புமாறு கேட்கிறது. அட்டையில் எழுதுபவர் இப்பெயரை உள்ளவாறே எழுதிவிடலாம். கட்டங்களை நிரப்ப வேண்டியவரோ பெயரைப் படிவத்துக்கு ஏற்ப முறிக்க நேரும். ஆவணத்துக்குப் படிவமா, படிவத்துக்கு ஆவணமா என்னும் வினா இங்கேதான் பிறக்கிறது.

மரமும் அட்டவணையும்

கணினியுகத்தின் தொடக்கத்தில் கட்டமே வென்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளையட்டையில் எண்பது நிரல்கள் இருந்தன. ஒவ்வொரு செய்திக்கும் இத்தனை நிரல் என்று முன்னரே வரையறுத்துவிடுவர். அந்த அளவுக்குள் அடங்காத பெயர் வெட்டப்படும். சிறிய பெயராயின் மீதி இடம் வீணாகும்.

நூலகர்கள் இதனை ஏற்கவில்லை. காங்கிரஸ் நூலகத்தில் பணியாற்றிய என்றியெட்டா அவ்ரம் என்னும் அம்மையார் 1960களில் உருவாக்கிய மார்க் என்னும் பதிவு முறை, புலங்கள் வேண்டிய அளவு நீளவும், வேண்டிய முறை திரும்ப வரவும் இடமளித்தது. புலம் என்பது பதிவினுள் ஒரு செய்திக்கு உரிய இடம். 1966இல் இம்முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. இத்தகைய பதிவுகளை நூலகங்கள் தம்முள் பரிமாறிக்கொள்வதற்கான அனைத்துலகத் தரம் 1973இல் வெளிவந்தது. அட்டையின் நெகிழ்ச்சி இவ்வாறு கணினிக்குள் குடியேறியது.

இதே காலத்தில் வேறொரு துறையிலும் ஒரு முயற்சி நடந்தது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் சாட்டர்ன் ஏவுகணைக்கு எண்ணிறந்த உறுப்புகள் தேவைப்பட்டன. ஓர் உறுப்பினுள் பல சிற்றுறுப்புகள். அவற்றினுள் மேலும் பல. இவற்றைக் கணக்கில் வைக்க ஐ.பி.எம்., ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகிய நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடி 1966 முதல் உருவாக்கிய தளம் 1968இல் இயங்கத் தொடங்கியது. அது செய்திகளை மரம்போல, அடியிலிருந்து கிளையாகவும் கிளையிலிருந்து கொம்பாகவும் அடுக்கியது.

1970இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை ஒன்று தரவுத்தள வரலாற்றையே திருப்பியது. எல்லாச் செய்திகளையும் நிரையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கலாம் என்றும், ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுதிவிட்டுத் தேவையான இடங்களில் அதனோடு தொடர்புபடுத்தலாம் என்றும் அவர் கணித அடிப்படையில் காட்டினார். வங்கிகளும் அலுவலகங்களும் இம்முறையை ஏற்றன. ஒரு கணக்கில் கழிந்த தொகை மற்றொரு கணக்கில் ஏறியாக வேண்டிய இடத்தில் இதைவிடப் பொருத்தமான முறை காண்பது அரிது.

ஆனால் மூவர் சேர்ந்து எழுதிய ஒரு நூலை இம்முறையில் வைக்க வேண்டுமாயின் நூலுக்கு ஓர் அட்டவணை, ஆசிரியர்க்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்க மூன்றாவது அட்டவணை என விரியும். புனைபெயர், மொழிபெயர்ப்பாளர், படம் வரைந்தவர் என்று செய்திகள் பெருகப் பெருக அட்டவணைகளும் பெருகும். ஓர் அட்டையில் முழுமையாக இருந்த நூல் பல அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும். சிறு நூலகத்தை நடத்தும் ஒருவருக்கு இது எட்டாக் கனியாகவே இருந்தது.

யுனெஸ்கோ அளித்த கொடை

அந்நிலையை மாற்றியது ஐசிஸ் என்னும் மென்பொருள். செனீவாவில் உள்ள அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1960களின் பிற்பகுதியில் தன் ஆவணங்களுக்காக இதனைப் பெருங்கணினியில் உருவாக்கியது. பின்னர் யுனெஸ்கோ நிறுவனம் இதனைப் பெற்றுத் தன்னுடைய ஆவண முறையோடு இணைத்து வளர்த்தது. அதுகாறும் அது பெருங்கணினி வாங்க வல்லவர்களின் சொத்தாகவே இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணினி 1981இல் சந்தைக்கு வந்தபின் நிலைமை மாறியது. யுனெஸ்கோவைச் சேர்ந்த சியாம்பாவ்லோ டெல் பிகியோ அம்மென்பொருளைச் சிறு கணினிக்கு ஏற்ப அமைத்தார். 1985ஆம் ஆண்டின் இறுதியில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. இலாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு யுனெஸ்கோ அதனை இலவசமாகவே வழங்கியது.

ஒரு சில நெகிழ்வட்டுகளில் அம்மென்பொருள் அடங்கிவிடும். வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் கோப்புகளை வன்வட்டுக்குப் படியெடுத்து, எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்பதைச் சிறிய அமைப்புக் கோப்பு ஒன்றில் குறித்துவிட்டால் நிறுவும் பணி முடிந்தது. கூடவே மாதிரித் தளம் ஒன்றும் வந்தது. புதியவர்கள் அதனைத் திறந்து தேடிப் பழகிய பின்னரே தமக்கென ஒரு தளத்தை அமைக்கத் துணிவர்.

புதிய தளம் அமைக்க நான்கு வரையறைகள் தேவைப்பட்டன. எந்தெந்தப் புலங்கள் உண்டு என்பது முதலாவது. அவற்றை நிரப்புவதற்கான திரைப்படிவம் இரண்டாவது. பதிவு எவ்வாறு காட்டப்பட வேண்டும் என்பது மூன்றாவது. எந்தப் புலங்களைக் கொண்டு தேடலாம் என்பது நான்காவது. ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் இருந்தது. புலத்தின் நீளத்தை வெட்ட வேண்டியதில்லை. அதே புலம் திரும்பத் திரும்ப வரலாம். ஒரு புலத்தினுள் உட்புலங்களும் அமையலாம். ஆசிரியர் மூவராயினும் பதிவு ஒன்றே. நிரப்பப்படாத புலம் இடத்தையும் அடைப்பதில்லை. அட்டையின் இயல்பு அப்படியே கணினியில் வந்து அமைந்தது எனலாம்.

தேடலுக்குத் தலைகீழ்க் கோப்பு என்னும் அமைப்புப் பயன்பட்டது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப்போல, எந்தச் சொல் எந்தப் பதிவில் உள்ளது என்பதை அது குறித்து வைக்கும். இங்கே புதியவர்கள் திகைப்பதுண்டு. பதிவை உள்ளிட்டாயிற்று, திரையிலும் காண முடிகிறது, ஆனால் தேடினால் அகப்படுவதில்லை. தலைகீழ்க் கோப்பைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தனியே கொடுத்த பின்னரே புதிய பதிவு தேடலில் தோன்றும். எழுதி வைப்பதும் கண்டெடுப்பதும் இருவேறு பணிகள் என்பதை அம்மென்பொருள் இவ்வாறு உணர்த்தியது.

இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத்துக்கான தேசியத் தகவல் முறைமை இதனை நூலகங்களுக்குப் பரப்பியது. இலத்தீன் அமெரிக்காவில், பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோவில் உள்ள பைரிமே என்னும் மருத்துவ நூலக மையம் இதனைத் தன் பணிக்கு அடித்தளமாகக் கொண்டு மேலும் வளர்த்தது. விண்டோசில் இயங்கும் பதிப்பு 1998இல் வெளிவந்தது. விலைகொடுத்துப் பெருந்தளங்களை வாங்க இயலாத நாடுகளின் நூலகங்கள், எவரையும் எதிர்பாராமல், தம் மேசையின்மேல் இருந்த கணினியிலேயே தம் ஆவணங்களை ஆளும் உரிமையைப் பெற்றன. ஐசிசு வரலாற்றில் மனங்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

புதிய தலைமுறை

நூலகர் உலகில் ஐசிஸ் பரவிய வேளையில் அலுவலக உலகில் லோட்டஸ் நோட்ஸ் என்னும் மென்பொருள் 1989இல் வெளிவந்தது. ரே ஓசியின் தலைமையில் உருவான அது கடிதம், குறிப்பு, படிவம் ஆகியவற்றை ஆவணங்களாகவே சேமித்தது. ஒரு கணினியில் உள்ள தளத்தை மற்றொரு கணினியில் உள்ள படியோடு ஒத்திசைக்கவும் அது வழிசெய்தது.

அம்மென்பொருளில் பணியாற்றிய டேமியன் காட்ஸ் என்பவர் அக்கருத்தை வலை உலகுக்கு ஏற்ப மாற்றியமைக்க விரும்பி, 2005இல் கவுச் டிபி என்னும் தளத்தை உருவாக்கத் தொடங்கினார். 2008இல் அது அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களுள் ஒன்றாயிற்று. 2007இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட டென்ஜென் என்னும் நிறுவனம் மோங்கோ டிபி என்னும் மற்றொரு தளத்தை 2009இல் வெளியிட்டது.

இவ்விரண்டும் ஆவணத்தை எழுதுவதற்கு ஜேசன் என்னும் குறிமுறையையும் அதனையொட்டிய வடிவங்களையும் கைக்கொண்டன. ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. மதிப்பு ஒரு சொல்லாகவோ எண்ணாகவோ ஒரு பட்டியலாகவோ மற்றோர் ஆவணமாகவோ இருக்கலாம் என்பதே அதன் இலக்கணம். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவர் 2000களின் தொடக்கத்தில் இதனைப் பரப்பினார். ஐசிசில் எண்ணால் குறிக்கப்பட்ட புலம் இங்கே பெயரால் குறிக்கப்படுகிறது. உட்புலம் இங்கே உள் ஆவணமாகிறது. திரும்ப வரும் புலம் இங்கே பட்டியலாகிறது. நூலகர்கள் முன்னரே கண்ட வழியைப் பொறியாளர்கள் வேறு திசையிலிருந்து வந்து கண்டனர். பைரிமே மையத்தில் பணியாற்றிய லூசியானோ இரமால்யோ 2011இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்று, ஐசிசிலிருந்து கவுச் டிபிக்குச் செல்லும் பாதையையே தன் பொருளாகக் கொண்டது.

சொந்தக் கணினியில் ஒரு சோதனை

இத்தளங்களுள் ஒன்றைச் சொந்தக் கணினியில் நிறுவிச் சோதிக்கும் முறையைக் காண்போம். கவுச் டிபியை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். அது இலவசமாகக் கிடைப்பது. உலாவியின் வழியே இயக்கக்கூடியது. நிறுவும்போதே ஆட்சியாளர்க்குரிய கடவுச்சொல் ஒன்றைக் கேட்கும். 2020இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் இது கட்டாயமாயிற்று. நிறுவியபின் உலாவியில் 127.0.0.1 என்னும் முகவரியையும் 5984 என்னும் வாயில் எண்ணையும் தட்டினால், வரவேற்புச் சொல்லோடு ஒரு சிறு ஆவணம் திரையில் தோன்றும். 127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. வெளியுலகத் தொடர்பு இல்லாமலே சோதனை முழுவதையும் செய்து முடிக்கலாம்.

அடுத்துத் தளம் ஒன்றை உருவாக்க வேண்டும். அதன் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தொடங்க வேண்டும். தளத்தின் பெயராகத் தமிழ் எழுத்தை அது ஏற்பதில்லை. தளத்தினுள் எழுதப்படும் ஆவணங்களிலோ புலத்தின் பெயர்களும் உள்ளடக்கமும் தமிழிலேயே அமையலாம். ஒரு பள்ளியின் ஆண்டு மலர்களை வரிசைப்படுத்துவதாகக் கொள்வோம். முதல் ஆவணத்தில் தலைப்பு, ஆண்டு, பக்கங்கள் என மூன்று புலங்கள் போதும். இரண்டாம் மலருக்கு ஆசிரியர் குழு உண்டாயின் ஆசிரியர்கள் என்னும் புலத்தில் ஐந்து பெயர்களையும் பட்டியலாக எழுதலாம். மூன்றாவது மலரில் கட்டுரைகளின் விவரத்தையும் சேர்க்க விரும்பினால், ஒவ்வொரு கட்டுரையும் தனக்குரிய தலைப்பும் எழுதியவர் பெயரும் பக்க எண்ணும் கொண்ட உள் ஆவணமாக அதனுள் அமையும். முதல் ஆவணத்தை இதற்காக மாற்ற வேண்டியதில்லை. மூன்றும் வெவ்வேறு வடிவத்தோடு ஒரே தளத்தில் வாழும்.

ஆவணத்தைச் சேமித்தவுடன் தளம் அதற்கு ஒரு திருத்த எண்ணை இடுகிறது. முதல் முறை சேமித்ததன் எண் ஒன்றில் தொடங்கும். திருத்திச் சேமித்தால் இரண்டில் தொடங்கும். இருவர் ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் திறந்து, ஒருவர் திருத்திச் சேமித்தபின் மற்றவர் பழைய எண்ணோடு சேமிக்க முயன்றால், தளம் முரண்பாடு என்று கூறி மறுத்துவிடும். பிறர் செய்த திருத்தத்தை அறியாமல் அழித்துவிடாதிருக்க இது காவல். ஆயினும் பழைய திருத்தங்களை இது நெடுங்காலம் காத்துவைக்கும் என்று கருதலாகாது. தளத்தைச் சுருக்கும்போது அவை நீக்கப்படும். காப்புப்படி எடுப்பது தனிக் கடமையே.

இறுதியாக ஒத்திசைவைச் சோதிக்கலாம். ஒரு தளத்தின் உள்ளடக்கத்தை மற்றொரு தளத்துக்குப் படியெடுக்குமாறு கூறினால், முதல் முறை எல்லா ஆவணங்களும் செல்லும். அடுத்த முறை மாற்றம் பெற்றவை மட்டுமே செல்லும். இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் ஒரு மடிக்கணினியில் பதிவுகளைச் சேர்த்து, தொடர்பு கிடைத்தபின் மையக் கணினியோடு சேர்த்துக்கொள்ள இம்முறை உதவும்.

நெகிழ்ச்சிக்கு உரிய விலை

படிவம் கட்டாயமில்லை என்பது இத்தளங்களின் பெருமை. அதுவே அவற்றின் இடரும் ஆகும். ஒருவர் ஆசிரியர் என்று பெயரிட்ட புலத்தை மற்றொருவர் எழுதியவர் என்று பெயரிட்டால் தளம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். பின்னர் ஆசிரியர் புலத்தில் தேடினால் பாதி ஆவணங்களே அகப்படும். பிழை என்று தளம் எச்சரிப்பதில்லை. மோங்கோ டிபியில் ஆவணத் தொகுதியின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டி ஓர் ஆவணத்தைச் சேர்த்தால், அப்பெயரில் புதிய தொகுதி ஒன்று ஓசையின்றி உருவாகிவிடும். அட்டவணை முறையில் தளம் சுமந்த ஒழுங்கை இங்கே தளத்தை ஆள்பவரே சுமக்க வேண்டும்.

இதனை உணர்ந்தே பின்வந்த பதிப்புகள் ஒழுங்குக்கு வழிவகுத்தன. ஆவணத்தின் வடிவத்தைச் சரிபார்க்கும் வசதியை மோங்கோ டிபி 2015இல் சேர்த்தது. பல ஆவணங்களை ஒருங்கே மாற்றும்போது எல்லாம் நிறைவேற வேண்டும், இல்லையேல் எதுவும் நிறைவேறக் கூடாது என்னும் உறுதியை 2018இல் அளித்தது. மறுபுறம், அட்டவணைத் தளமாகிய போஸ்ட்கிரஸ் 2012இல் ஜேசன் ஆவணங்களைத் தன்னுள் ஏற்கத் தொடங்கியது. இரு முறைகளும் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொண்டன.

பாதுகாப்பிலும் உலகம் விலைகொடுத்தே பாடம் கற்றது. கடவுச்சொல் இன்றி இணையத்தை நோக்கித் திறந்து வைக்கப்பட்டிருந்த பல்லாயிரக்கணக்கான மோங்கோ தளங்களை 2017இன் தொடக்கத்தில் கயவர்கள் அழித்துவிட்டு மீட்புத்தொகை கேட்டனர். நிறுவியவர்கள் சோதனைக்கென்று தொடங்கியதைப் பூட்டாமலே பயனுக்கு விட்டதே அதற்குப் பெரும் காரணமாயிற்று. அதே ஆண்டில் வந்த 3.6 பதிப்பு முதல், நிறுவியவுடன் அத்தளம் தன் கணினிக்கு மட்டுமே செவிசாய்க்குமாறு அமைக்கப்பட்டது.

உரிமத்தையும் கவனிக்க வேண்டும். மோங்கோ டிபி 2018இல் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. புதிய உரிமம் திறந்த மூல உரிமங்களின் பட்டியலில் இடம்பெறவில்லை; லினக்ஸ் வெளியீடுகள் சில அதனைக் கைவிட்டன. இன்று இலவசமாக நிறுவப்படும் ஒன்று எந்த நிபந்தனையின்கீழ் வழங்கப்படுகிறது என்பதை நிறுவுமுன்பே படித்தறிதல் அறிவுடைமை.

தமிழ் எழுத்தும் தேடலும்

தமிழ் ஆவணங்களைச் சேமிப்போர்க்கு மேலும் ஒரு கவனம் தேவை. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் தட்டிய சொல் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அத்தகைய உரைகளை ஒரே தளத்தில் கலந்து வைத்தால் தேடல் பயனற்றுப் போகும். இச்சிக்கலைத் தீர்க்க எழுந்த முயற்சிகளுள் சிங்கப்பூரில் 1997 மே மாதத்தில் நடந்த தமிழ் இணைய மாநாடு குறிப்பிடத்தக்கது. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அதன் முன்னணியில் நின்றார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் தமிழ்க் கணிமைக்குப் பெருந்துணை புரிந்தது. யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. பிற்காலத்தில் அதுவே பொதுக் குறியீடாக நிலைபெற்றது. இன்றைய ஆவணத் தளங்கள் யூனிகோட்டையே கைக்கொள்வதால் பழைய இடர் பெரும்பாலும் நீங்கியது.

பெரும்பாலும் என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். கொ என்னும் எழுத்தில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்னும் இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டை எண்ணாகவே ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு. அதுபோலவே ஔவையார் என்னும் பெயரை ஔகாரத்தால் எழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதினால் அப்பெயர் தேடலுக்கு அகப்படாது. ஆதலின் பதிவுகளைச் சேர்க்குமுன் எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். எழுத்துப் பிழை களையும் ஆசிரியரின் பழைய பணி இங்கே புதிய பயனைப் பெறுகிறது.

முடிவுரை

அட்டையில் தொடங்கி, துளையட்டையின் கட்டங்களைக் கடந்து, அட்டவணையின் ஒழுங்கைக் கற்று, ஐசிசின் வழியே இன்றைய ஆவணத் தளம் வரை வந்துள்ள இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றே. ஆவணத்தின் இயல்பை மதிக்கும் கருவி இன்று சிறியவர் கைக்கும் எட்டியுள்ளது. ஆனால் ஒழுங்கை அக்கருவி தானே தருவதில்லை. புலங்களுக்கு எப்பெயர் இடுவது, பெயர்களை எவ்வாறு எழுதுவது, எவர் திருத்தலாம், காப்புப்படி எங்கே இருக்கும் என்பவற்றை நிறுவுமுன் ஒரு தாளில் எழுதி முடிவு செய்பவரே அதனால் பயன்பெறுவர்.

தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர்கள், சங்கங்களின் வெளியீடுகள், கோயில்களின் குடமுழுக்கு மலர்கள், தோட்டங்களில் நடந்த விழாக்களின் அழைப்பிதழ்கள் ஆகியவை ஒன்றைப்போல ஒன்று இல்லாதவை. அவற்றுள் பல பெரிய நூலகங்களின் பட்டியலில் இடம்பெறாதவை. ஒரு பள்ளி மூடப்படும்போதோ ஒரு முதியவர் மறையும்போதோ அலமாரியோடு அவையும் போய்விடுகின்றன. அவற்றைப் பதிவு செய்யப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஒரு தளம், கவனமுள்ள ஓர் ஆசிரியர், ஆர்வமுள்ள நான்கு மாணவர்கள் இருந்தால் போதும். முதல் நாளில் பத்து ஆவணங்களை உள்ளிட்டுத் தேடிப் பார்க்கட்டும். தேடியது கிடைக்கிறதா என்பதை உறுதி செய்துகொண்டு பதினோராவது ஆவணத்துக்குச் செல்லட்டும்.